வெளிப்பூட்டு இல்லாத வீட்டை ஆளில்லாத வீடு என்று எழுதியது குறித்து

அனுப்புநர்:
பொறுப்பாளர் (வீட்டார் 'சாவியம்மா' என்று அழைக்கும் பெண்),
பெண்கள் தங்கும் வக்ஃபு வீடு,
கடைத்தெரு, மருந்துக்கடைக்கு எதிர் வாசல்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
வக்ஃபு சொத்துகள் ஆணையரகம்.
(ஆணையர் கையில் மட்டும் கொடுக்கவும். இடையில் எவரும் பிரிக்க வேண்டாம்.)

பொருள்: பெண்கள் தங்கும் வக்ஃபு வீட்டில் 'பயனாளிகள் எவருமில்லை' என்ற ஆய்வறிக்கையை ரத்து செய்யக் கோருதல், தங்கியிருப்போரின் பெயர்களைக் கேட்பதையும், பலகையில் ஒட்டுவதையும் நிறுத்தக் கோருதல்.

பார்வை: எங்கள் வாசற்கதவில் பசை தடவி ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு என் சலாம்.

இந்த மனுவை முதலில் தங்கள் அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம்தான் எழுதக் கொடுத்தேன். அவர் ஒரே பக்கத்தில் 'ஏழை எளிய ஆதரவற்ற' என்று மூன்று இடத்தில் எழுதி, கருணை கூர வேண்டும் என்று முடித்துவிட்டார். நான் கருணை கேட்டு வரவில்லை. சட்டப்படி இருக்கும் ஒன்றை இல்லை என்று எழுதிவிட்டார்கள், அதைத் திருத்தக் கேட்டு வந்திருக்கிறேன். ஆகவே நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கும். பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. மேற்படி வீட்டை வக்ஃபு செய்தவர் நூல், பொத்தான் கடை வைத்திருந்த ஒரு விதவை. நூல்கடையம்மா என்று கடைத்தெரு முழுவதும் அறிந்தவர். பிள்ளைகள் இல்லை. கீழே கடை, மேலே வீடு என்று இருந்ததைத் தம் காலத்திலேயே அறக்கொடையாக்கிப் பதிவு செய்தார். பத்திரத்தின் நகலை இணைத்துள்ளேன். அதில் முக்கியமான பகுதி வருமாறு: "போக்கிடமற்ற பெண் எவளும், எம்மதத்தவளானாலும், இதில் தங்கலாம். தெருவாசலுக்கு வெளிப்பூட்டுப் போடலாகாது. வந்தவளுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவள் பெயரையும், வந்த காரணத்தையும் கேட்கலாகாது. அவளாகச் சொன்னாலும் எழுதி வைக்கலாகாது."

2. வெளிப்பூட்டுப் போடக்கூடாது என்றால், எந்த நேரத்திலும் உள்ளே ஒருத்தியாவது இருக்க வேண்டும், கதவைத் தள்ளி வருகிறவளை ஏற்க வேண்டும் என்பதே பொருள். பல வருடங்களாக அந்த ஒருத்தி நான். பூட்டே இல்லாத வீட்டுக்காரிக்குச் சாவியம்மா என்று பெயர் வைத்தது இங்கே சமையல் பார்க்கும் பெண்ணின் குறும்பு. அது ஒட்டிக்கொண்டது.

3. வக்ஃபு செய்த பொருளை விற்க முடியாது, தானமாகக் கொடுக்க முடியாது, வாரிசுக்கும் போகாது. அது இறைவனுக்கு உரியது, அதன் பலன் மட்டுமே மக்களுக்கு உரியது என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையை மாற்ற எவருக்கும் உரிமை இல்லை என்பதையும் தாங்கள் அறிவீர்கள். அறிந்தவருக்குச் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். தங்கள் அலுவலகத்தில் நான் பார்த்த மூன்று பேரில் எவருக்கும் இது தெரிந்த மாதிரி இல்லை.

4. இனி, தவறு எங்கே நடந்தது என்று சொல்கிறேன். அதில் எங்கள் பங்கும் உண்டு.

எங்கள் வாசல் நடையில் ஒரு தண்ணீர்ப் பானை இருக்கிறது. ஆண்கள் எவர் உள்ளே வந்தாலும், தண்ணீர் மொள்ளும் சாக்கில் டம்ளரைப் பானை மூடியில் இரண்டு தட்டு தட்டுவோம். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் செருப்பையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார்கள். குழந்தை இருந்தால் அதன் வாயில் ஏதாவது தின்னக் கொடுத்துவிடுவார்கள். துணிகளைத் தெருப்பக்கம் காயப்போடுவதில்லை. படுக்கைகள் காலையிலேயே பரணுக்குப் போய்விடும். புதிதாக வருகிறவள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமே இதுதான். ஒரு இருமல் கேட்காது.

தங்கள் ஆய்வாளர் இரண்டு மாதங்களுக்கு முன்பு வந்தபோதும் அப்படித்தான் செய்தோம். அரசாங்க அடையாள அட்டை மாட்டியிருந்தாரே என்று தாங்கள் கேட்கலாம். முன்னொரு தடவை அப்படி ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர், உள்ளே இருந்த பெண்ணின் சித்தப்பாவாக இருந்தார். அதன் பிறகு நாங்கள் அட்டையைப் பார்ப்பதில்லை.

ஆய்வாளர் மரியாதையான மனிதர். தண்ணீரும் தேநீரும் குடித்தார். "இங்க யாரும்மா தங்கறாங்க?" என்று கேட்டார். வருகிறவர்கள் தங்குகிறார்கள் என்றேன். "யாரு வர்றாங்க?" என்றார். நாங்கள் கேட்பதில்லை என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனார், வெறும் தரையைப் பார்த்தார், இறங்கி வந்து எழுதிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் பின்கட்டிலிருந்து எல்லோரும் வந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். சமையல்காரப் பெண் அவரைப் போலவே பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நடந்து காட்டினாள். நானும் சிரித்தேன். எங்கள் கெட்டிக்காரத்தனம் அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்டது என்று பெருமையாகக்கூட இருந்தது. 'நேரடி ஆய்வில் எவரும் வசிப்பதாகத் தெரியவில்லை' என்று அவர் எழுதியதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. நாங்கள் அவ்வளவு நன்றாக ஒளிந்திருந்தோம்.

5. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லி தங்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். பயன் அற்றுப்போன வக்ஃபு இது, ஆகவே இந்த வீட்டை எங்களுக்கு அடுத்த ஜவுளிக்கடைக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் புறவழிச்சாலைக்கு அப்பால் மனையும் கட்டடமும் வாங்கிக்கொள்ள அனுமதி வேண்டும் என்பது அவர் விண்ணப்பம். ஜவுளிக்கடைக்கு வண்டி நிறுத்த இடம் தேவைப்படுகிறது.

முத்தவல்லி நூல்கடையம்மாவின் தம்பி பேரன். அவரை நான் திருடர் என்று எழுதவில்லை. எழுதினால் அது பொய் மனுவாகும். ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுகிற கூரையைத் தன் கைக்காசைப் போட்டுப் பூசிப் பூசி அலுத்துப்போனவர் அவர். "புதுக் கட்டடம், காத்தோட்டமா, ஆளுக்கொரு ரூம். நல்லதுக்குத்தானேக்கா சொல்றேன்?" என்று என்னிடம் கேட்டார். உள்ளே பெண்கள் இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஆய்வறிக்கைக்கு ஆமாம் போட்டார். அது மட்டும் எனக்கு ஆறவில்லை.

6. புறவழிச்சாலை இடத்தை நான் போய்ப் பார்த்தேன். பேருந்தை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் பொட்டல். நடந்து போகிற ஒருத்தியை அந்தக் கோடியிலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். எங்கள் வீடு அப்படியல்ல. துணி எடுக்க, மருந்து வாங்க, செருப்புத் தைக்க என்று பெண்கள் நெருக்கியடித்துப் போகிற தெரு இது. கூட வந்தவன் சில்லறை எண்ணுகிற நேரத்தில் ஒருத்தி பக்கத்து வாசலுக்குள் நுழைந்துவிடலாம். அப்படி நுழைந்தவர்கள் உண்டு. நூல்கடையம்மா ஊருக்கு வெளியே நல்ல காற்றோட்டமான மனை வாங்க வசதியில்லாதவர் அல்லர். கூட்டத்தின் நடுவில் இருக்கும் இந்த வாசலைத்தான் அவர் தர்மம் செய்தார். இடத்தை மாற்றினால் தர்மமும் போய்விடும். இதைத் தங்கள் பொறியாளர் அளவு நாடாவால் அளக்க முடியாது, ஆகவே எழுதுகிறேன்.

7. ஆய்வில் எவரும் வசிப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, தங்கள் அறிவிப்பு கேட்பது இது: வீடு பயன்பாட்டில் இருப்பதாக எவரேனும் கூறினால், வரும் சனிக்கிழமைக்குள் தங்கியிருப்போரின் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், நிரந்தர முகவரி ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். அவை ஆட்சேபணைக்காக அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். கொடுக்காவிட்டால் மாற்றத்துக்கு அனுமதி வழங்கப்படும்.

கணவர் பெயரும் நிரந்தர முகவரியும் சொல்லிக்கொண்டு இருக்கிற நிலையில் இருந்தால் அவர்கள் ஏன் ஐயா இங்கே வருகிறார்கள்?

தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து இதையே கேட்டேன். பிரிவு எழுத்தர் நல்ல விதமாகத்தான் பேசினார். "பேரே இல்லாம நான் யாரைன்னும்மா எழுதறது? ரூல்ஸ் அப்படி" என்றார். எங்களுக்கும் ஒரு ரூல் இருக்கிறது, அது தங்கள் ரூலைவிட மூத்தது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

8. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வீட்டுக்கு இன்றுவரை பெயர்ப்பலகை கிடையாது. அக்கம்பக்கத்தார்க்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். எதிர் மருந்துக்கடைக்காரர் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எங்கள் வாசலை நிமிர்ந்து பார்த்ததில்லை, அவ்வளவு நல்லவர். தங்கள் அலுவலகம்தான் 'போக்கிடமற்ற பெண்கள் தங்குவதற்கான வீடு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, தெருவைப் பார்த்து ஒட்டிவிட்டுப் போனது. இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்த தெருவில் ஒரே நாளில் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிட்டது. தேடுகிறவர் எவராவது படித்துவிடுவாரே என்று பயந்தேன். கிழித்தெறியலாம் என்றால் அரசாங்கக் காகிதம்.

9. பயந்தபடியே ஆயிற்று. சென்ற செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில், வண்டியில் வந்த ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கதவைத் தள்ளிக்கொண்டு நடைக்குள் வந்தார். நான் டம்ளரைத் தட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. கைப்பேசியில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, "இவ இங்கதான் இருக்கா. கூப்பிடுங்க" என்றார்.

படத்தில் இருந்தவள் நகை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மாடியறையில் இருக்கும் பெண்ணை நான் சிரித்துப் பார்த்ததில்லை, ஆகவே ஒரு கணம் தாமதமாகத்தான் அடையாளம் தெரிந்தது. அவள் மழை நாளில் வீட்டுச் செருப்போடு வந்தவள். அவர் அவளுக்கு யார் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

ஐயா, நான் தொழுகிறவள். பொய் சொல்ல நா எழவில்லை, உண்மை சொல்லவும் முடியாது. அப்போது கதவில் இருந்த தங்கள் காகிதம் நினைவுக்கு வந்தது. "நான் எதுக்குத் தம்பி சொல்லணும்? யாருமே இல்லைன்னு கவர்ன்மென்ட்டே எழுதி ஒட்டியிருக்கு. நீங்களே படிச்சுக்குங்க" என்றேன். அவர் வெளியே போய், விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். உள்ளே நான் தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எந்தக் காகிதம் எங்கள் வீட்டைப் பிடுங்க வந்ததோ அதுவே அன்று அவளைக் காப்பாற்றியது. இதற்காகத் தங்கள் ஆய்வாளருக்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஆனால் அவர் கடைசி வரிவரை படித்துவிட்டார். "பேரு லிஸ்ட்டு பலகையில போடுவாங்கன்னு இருக்கே. அப்ப வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வெள்ளிக்கிழமையான இன்று இந்த மனுவைக் கொடுக்க வந்தபோது அவரைத் தங்கள் அலுவலகப் பலகைக்கு முன்னால் பார்த்தேன். தலைக்கவசம் கையில் இருந்தது. ஒவ்வொரு காகிதமாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழையாமல் திரும்பி வந்து, இதையும் சேர்த்து மறுபடி எழுதுகிறேன். இந்த மனு தங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், அவர் இல்லாத நேரம் பார்த்துச் சமையல்காரப் பெண் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள் என்று பொருள்.

10. செவ்வாய்க்கிழமை அவர் போன பிறகு மாடியறைப் பெண் பின்கட்டிலிருந்து வந்தாள். சத்தம் வராமல் இருக்க முந்தானையைக் கடித்துக் கடித்து அது நனைந்திருந்தது. "என்னால இந்த வீடு போக வேண்டாம்மா. என் பேரை எழுதிக் குடுத்துடுங்க. என் பேரு..." என்று ஆரம்பித்தாள். நான் உடனே மிக்ஸியைப் போட்டுவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் ஜாடிதான் ஓடியது. அவள் உதடு அசைவது தெரிந்தது. வாயை மூடிக்கொள்ளும்வரை நிறுத்தவில்லை. இப்போதும் அவள் பெயர் எனக்குத் தெரியாது. நாளை தாங்களே கூப்பிட்டு விசாரித்தாலும் என்னிடமிருந்து வராது.

எங்கள் நிலைமை தங்களுக்கு விளங்கியிருக்கும். பெயர்களைக் கொடுத்தால் வீடு பிழைக்கும், வீட்டிலிருப்பவள் பிழைக்க மாட்டாள். கொடுக்காவிட்டால் இவளை எப்படியாவது வேறெங்காவது அனுப்பிவிடலாம், ஆனால் அடுத்து வருகிறவள் கதவைத் தள்ளும்போது அங்கே வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். மூன்று இரவுகளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

11. ஆகவே தங்களிடம் கேட்பவை. முதலாவது, ஆய்வறிக்கையை ரத்து செய்து, ஒரு பெண் அலுவலரை அனுப்புங்கள். பெயர் கேட்காமல் பார்த்துவிட்டுப் போகிறவராக இருக்கட்டும். அவருக்காக டம்ளரைத் தட்ட மாட்டோம்; பின்கட்டு, பரண், உலர்கிற துணி, அடுப்பில் இருக்கிற பாத்திரத்தின் அளவு எல்லாவற்றையும் காட்டுகிறோம். எத்தனை வயிற்றுக்குச் சமைக்கிறோம் என்று சமைக்கத் தெரிந்த எவருக்கும் அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, பெயர் கேட்கும் அறிவிப்பை எங்கள் கதவிலிருந்து தங்கள் ஆட்களே வந்து எடுக்க வேண்டும். மூன்றாவது, இந்த மனுவைக் கோப்பில் பொதுவாக வைக்காமல் தங்கள் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும். எங்களுக்குத்தான் பூட்டு கூடாது, தங்களுக்கு உண்டு. கூரையை என்ன செய்வது என்று முத்தவல்லியும் நானும் சண்டை போட்டாவது ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்கிறோம். அது வீட்டுச் சண்டை.

12. இதற்குள் சனிக்கிழமை வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். விதிப்படி பலகையில் பெயர் ஒட்டியே ஆக வேண்டும் என்று எழுத்தர் சொல்வார். அதற்கும் ஒரு வழி செய்திருக்கிறேன்.

'பயனாளிகள் எவருமில்லை' என்பது தங்கள் அறிக்கை. ஒருத்தி இருந்தாலே அது பொய்யாகிவிடும். இந்த வீட்டுக்கு நான் வேலைக்கு வந்தவள் அல்லள் ஐயா. நானும் ஒரு பகல் நேரத்தில், இதே கூட்டத்தில், கையில் ஒன்றுமில்லாமல் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள்தான். அப்போது வாசலில் உட்கார்ந்திருந்தவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார், வேறெதுவும் கேட்கவில்லை. போக வேறு இடம் அமையவில்லை, தங்கிவிட்டேன். இன்றும் தங்கியிருக்கிறேன். நிபந்தனை வருகிறவளைக் காப்பதற்குத்தான். அவள் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுப்பதைத் தடுக்கவில்லை என்று நம்புகிறேன். மாடியறைப் பெண்ணும் இதைத்தானே செய்ய வந்தாள், அவளை ஏன் தடுத்தாய் என்று தாங்கள் கேட்கலாம். அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது.

மூடிய உறை ஒன்றை இணைத்திருக்கிறேன். அதில் என் முழுப் பெயர், என் கணவர் பெயர், எங்கள் பழைய முகவரி மூன்றும் இருக்கின்றன. பலகையில் ஒட்ட ஒரு பெயர் வேண்டுமென்றால் இதை ஒட்டுங்கள். பலகைக்கு முன்னால் நிற்கிறவர் வந்து படித்துக்கொள்ளட்டும். அவர் தேடுகிற பெயர் அதில் இருக்காது. வேறொருவர் தேடிய பெயர் இருக்கும். அவர் இறந்துவிட்டதாக இதுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். யாரையாவது அனுப்புங்கள். கதவைத் தள்ளினால் திறக்கும், நான் வாசலில்தான் இருப்பேன். உறையைப் பிரிக்கும் முன் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயருக்கு முன் தண்ணீர் என்பது எங்கள் வீட்டு முறை.

இடம்: வக்ஃபு வீட்டு வாசல் நடை
நாள்: கெடுவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் நீதியை எதிர்பார்த்திருக்கும்
(ஒப்பம்)
சாவியம்மா

இணைப்புகள்:
1. வக்ஃபு பத்திர நகல்.
2. தங்கியிருப்போர் பெயர் விவரம்: இணைக்கப்படவில்லை.
3. மூடிய உறை. ஒரு பெயர்.